அந்த இருபது நிமிடங்கள்

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குச் செல்லும் சாலையில் அகஸ்தியன்பள்ளியை அடைந்ததும் உப்பளங்கள் விரியத் தொடங்கும். கோடை நாளில் அவ்வழியே செல்பவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் செல்ல வேண்டும். வெண்மை அவ்வளவு கூசும். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களோடு நடக்கத் தொடங்கிய இராஜாஜி, அம்மாதம் 30-ஆம் நாள் சட்டத்தை மீறி உப்பெடுத்த மண் இது. அந்த மண்ணின் பக்கத்தில் சில ஆண்டுகள் பங்குத்தந்தையாக இருக்கும் பேறு நமக்கு வாய்த்தது.

உப்பைப் பற்றி நமக்குப் பாடம் சொன்னவர் நம் பங்கின் உபதேசியார். இளமையில் உப்பளத்தில் வேலை பார்த்தவர். பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோவில் வேலை. சாமியார்கள் மாறி மாறி வந்து போனார்கள். அவர் மட்டும் மாறவில்லை. சாவு வீட்டில் செபமாலை சொல்வதும், தவக்காலத்தில் சிலுவைப்பாதை நடத்துவதும், திருப்பலியில் பாடலை எடுத்துக் கொடுப்பதும் அவரே. ஒலிபெருக்கி வேண்டாத குரல். “உப்பை அவசரப்படுத்தக் கூடாது, சாமி. தண்ணி மெதுவா வத்தணும். அப்பத்தான் கல்லு பெருசா விளையும்” என்று ஒருமுறை பாத்தி வரப்பில் நின்றுகொண்டு சொன்னார். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு என்பதைச் சென்னையில் ஓர் அறுவைக் கூடத்தின் வாசலில்தான் நாம் பின்னாளில் அறிந்தோம்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நம் கரையில் ஏறியது. மறுநாள் ஊரை ஊராக அடையாளம் காண முடியவில்லை. தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. உபதேசியார் வீட்டுக் கூரையும் போயிற்று. தம் வீட்டைப் பாராமல் நம்மோடு வீடு வீடாக அலைந்து, அரிசியும் தார்ப்பாயும் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று கணக்கெழுதினார். அந்த நாட்களில்தான் இருமல் தொடங்கியது. ஈரத்தில் நனைந்ததால் வந்த சளி என்று அவர் சொன்னார். நாமும் அப்படியே எண்ணினோம். எல்லோருமே இருமிக்கொண்டிருந்த காலம் அது.

கிறிஸ்துமஸ் கழிந்தும் இருமல் நிற்கவில்லை. உடல் மெலிந்தது. எக்ஸ்ரே படத்தில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு நிழல் தெரிந்தது. சளியில் கிருமி தென்படவில்லை. ஆயினும் படத்தை வைத்துக் காசநோய் என்று முடிவு செய்து ஆறு மாத மருந்து தொடங்கினார்கள். நம் நாட்டில் நுரையீரலில் நிழல் என்றால் முதலில் காசநோயை நினைப்பது இயல்பே; பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அவர் ஒரு வேளை மாத்திரையும் தவறவிடவில்லை. ஆறு மாதம் முடிந்து மறுபடி படம் எடுத்தபோது நிழல் குறையவில்லை, சற்றே பெரிதாகியிருந்தது.

இங்கே நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உபதேசியாருக்குப் பீடிப் பழக்கம் உண்டு. அதை நாம் ஒருநாளும் கண்டித்ததில்லை. கண்டிக்காததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவருக்கு ஒரு வேட்டி, ஒரு துண்டு, அவற்றின் மேல் ஒரு கட்டுப் பீடி என்று வைத்துக் கொடுப்பது நம் வழக்கம். நமக்கு முன்னிருந்த சாமியாரும் அப்படித்தான் செய்தார் என்று கேள்விப்பட்டு, மரபைக் காப்பதாக எண்ணிச் செய்தோம். கொடுக்கும்போது அவர் முகத்தில் வரும் வெட்கம் கலந்த சிரிப்பு நமக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

சென்னையில் ஒரு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றோம். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மூச்சுக்குழல் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வெளியிலிருந்து ஊசி செலுத்தித் துளி எடுத்தார்கள். ஊசியில் வந்தது போதவில்லை. புற்றுநோய் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அறுவை மருத்துவர் நம்மையும் உபதேசியாரையும் அவர் மனைவியையும் எதிரில் உட்காரவைத்து, ஒரு தாளில் நுரையீரலை வரைந்து காட்டினார்.

“ஃபாதர், வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள், இடதுக்கு இரண்டு. கட்டி மேல் மடலில் இருக்கிறது. முதலில் கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையோடு ஆப்பு வடிவத்தில் வெட்டி எடுப்போம். அதை அப்போதே பக்கத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். ஐயா மயக்கத்திலேயே இருப்பார். காசநோய்த் தழும்பு என்று பதில் வந்தால் அத்தோடு மூடிவிடுவோம். புற்றுநோய் என்று வந்தால் மேல் மடல் முழுவதையும், பக்கத்திலுள்ள நெறிக்கட்டிகளையும் எடுப்போம். எது வந்தாலும் நடுவில் உங்களை எழுப்பிக் கேட்க முடியாது. ஆகவே இப்போதே சம்மதம் வேண்டும்.”

உபதேசியார் நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்தார். பின் கேட்டார்: “ஒரு மடலை எடுத்திட்டா பாட முடியுமாங்க, டாக்டர்?”

அறுவை மருத்துவர் உண்மையையே சொன்னார். முடியும், ஆனால் மூச்சு முன்போல் நீளாது.

“அப்படின்னா எடுக்க வேண்டியதை எடுங்க. வேண்டாததை எடுக்காதீங்க” என்றார் உபதேசியார். கைநாட்டு வைப்பவர் அல்லர். நிறுத்தி நிதானமாகத் தம் பெயரை எழுதிக் கையொப்பமிட்டார்.

எடுக்க வேண்டியதை எடுப்பது, வேண்டாததை விட்டுவைப்பது. நெஞ்சைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணாலும் விரலாலும் மட்டும் இதைத் தீர்மானிக்க முடியாது. காசநோய்க் கட்டியும் கடினமாக இருக்கும், புற்றுக் கட்டியும் கடினமாக இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது நுண்ணோக்கி ஒன்றே.

அறுவைக்கு முந்திய மாலை, நோயில் பூசுதல் அருட்சாதனத்தை அவருக்கு வழங்க எண்ணினோம். எண்ணெய்ச் சிமிழை எடுத்ததும் அவர் மனைவி திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டார். “சாமி, அவ்வளவு மோசமா?” என்றார். அந்தத் தலைமுறையினர் மனத்தில் அது இன்னும் அவஸ்தைப் பூசுதலே. உயிர் பிரியும் நேரத்தில் சாமியார் ஓடிவந்து கொடுப்பது. 1963-இல் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய தன் ஏட்டில் அது சாவின் வாசலில் நிற்பவருக்கு மட்டும் உரியதன்று என்று தெளிவுபடுத்தியது. 1972-இல் ஆறாம் சின்னப்பர் அதற்குப் புதிய சடங்கு முறையை வழங்கினார். இவற்றையெல்லாம் குருமடத்தில் படித்தோம், தேர்வும் எழுதினோம். ஆனால் பங்கில் ஒருமுறையேனும் மக்களுக்கு விளங்கும்படி சொல்லியிருந்தால் அந்த அம்மாள் அன்று அப்படித் திடுக்கிட்டிருக்க மாட்டார். உபதேசியார்தாம் அவரை அமர்த்தினார். “இது போறதுக்கு இல்லம்மா, தாங்கிறதுக்கு” என்றார். நாம் ஓர் ஆண்டு முழுவதும் மறையுரை ஆற்றினாலும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டோம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். அந்த அம்மாளும் நாமும் வெளியே நாற்காலியில் அமர்ந்தோம். அவர் கையில் செபமாலை. நம் கையிலும் செபமாலை. அவர் உண்மையில் செபித்தார். நாமோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உள்ளே நடந்தவற்றைப் பின்னர்க் கேட்டறிந்தோம். நோயாளியின் இடது நுரையீரல் மட்டும் மூச்சு விட, வலது நுரையீரலைக் காற்றிறக்கிச் சுருங்கவைப்பார்களாம். விலா எலும்புகளுக்கிடையே வழி செய்து, கட்டியோடு கூடிய துண்டை வெட்டி எடுத்து, பதப்படுத்தும் திரவம் எதிலும் போடாமல் பச்சையாகவே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே நோய்க்குறியியல் மருத்துவர் அதைத் தொட்டுப் பார்த்து, வெட்டிய ஓரத்துக்கு மை பூசி, கட்டியைக் குறுக்கே அறுத்து, ஐயத்திற்குரிய இடத்திலிருந்து ஒரு சிறு துண்டைத் தேர்ந்தெடுப்பார். அந்தத் துண்டைப் பசை போன்ற ஒரு குழம்பில் வைத்து, கிரையோஸ்டாட் என்னும் குளிர்பெட்டியில், உறைநிலைக்கு ஏறத்தாழ இருபது டிகிரி கீழே உறையவைப்பார்கள். பெட்டிக்குள்ளேயே ஒரு கூரிய கத்தி இருக்கிறது. அது உறைந்த துண்டைச் சீவும். ஒரு சீவலின் கனம் ஐந்து மைக்ரான் அளவு. தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அந்தச் சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றி, நுண்ணோக்கியின் அடியில் வைப்பார்கள். துண்டு வந்து சேர்ந்ததிலிருந்து பதில் சொல்லும்வரை இருபது நிமிடங்களே கணக்கு.

முறையான ஆய்வுக்கு ஒரு நாளோ, அதற்கு மேலோ ஆகும். மெழுகில் பதித்து வெட்டும் அந்த முறையே தெளிவானது. இறுதித் தீர்ப்பும் அதனுடையதே. ஆனால் மேசைமேல் மயக்கத்தில் கிடப்பவரால் அதற்குக் காத்திருக்க முடியாது. ஆகவே அவசரத்துக்கு உறைவெட்டு.

இந்த முறைக்கு நூற்றாண்டு கடந்த வரலாறு உண்டு. 1891-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் வெல்ச் என்பவர், ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே திசுவை உறையவைத்து ஆராய்ந்தார். ஆனால் அவர் பதிலோடு வருவதற்குள் அறுவை முடிந்துவிட்டதாம். உண்மை வந்து சேர்ந்தது, நேரத்துக்கு வரவில்லை. 1905-இல் மினசோட்டா மாநிலத்து மேயோ மருத்துவமனையில், நோயாளி மேசைமேல் இருக்கும்போதே இது புற்றா அன்றா என்று சொல்ல உங்களால் முடியாதா என்று அறுவை மருத்துவர் வில்லியம் மேயோ கேட்க, லூயி வில்சன் என்ற நோய்க்குறியியலார் சில நிமிடங்களில் பதில் சொல்லும் வழியைக் கண்டார். அவ்வூரின் பனிக்காலக் குளிரில் திசுவைச் சன்னலுக்கு வெளியே வைத்து உறையவைத்துப் பார்த்தார் என்று சொல்வார்கள். நம் வேதாரண்யத்தில் சன்னலுக்கு வெளியே வைத்தால் கருவாடாகும்!

உபதேசியார் சொன்ன உப்புப் பாடம் இங்கேதான் தலைகீழாகிறது. மெதுவாக வற்றினால் உப்புக்கல் பெரிதாக விளைவது போலவே, மெதுவாக உறைந்தால் பனிக்கல்லும் பெரிதாக விளையும். பெரிய பனிக்கற்கள் உயிரணுக்களைக் குத்திக் கிழித்துவிடும். பிறகு நுண்ணோக்கியில் ஓட்டைகள்தாம் தெரியும். மெதுவாக உறைந்த மீன் குழைந்துபோவதை ஆறுகாட்டுத்துறை, கோடியக்கரை மக்கள் அறிவார்கள். ஆகவே சட்டென்று உறையவேண்டும். உப்பளத்தில் நிதானம் நல்லது. ஆய்வுக்கூடத்தில் உறைவது விரைவாகவும், பார்ப்பது நிதானமாகவும் இருக்கவேண்டும்.

ஒன்பதரை மணியிருக்கும். கதவு திறந்து, ஓர் இளம் மருத்துவர் வேறு ஏதோ வேலையாக வெளியே வந்தார். நாம் எழுந்து அவரை மறித்தோம். நம் வெள்ளை அங்கியைப் பார்த்து மரியாதையாக நின்றார். “எப்படி இருக்கிறது?” என்று கேட்டோம். “முதல் துண்டில் காசநோய் மாதிரிதான் தெரிகிறது என்று லேபில் சொன்னார்கள், ஃபாதர். இன்னும் பார்க்கிறார்கள்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் சொன்னது இரண்டு வாக்கியம். நம் காதில் விழுந்தது ஒன்று.

திரும்பிச் சென்று அந்த அம்மாளிடம், “ஒன்றுமில்லை அம்மா, டி.பி.தான். புற்று இல்லையாம்” என்றோம். அவர் இரு கைகளையும் கூப்பி, அந்த மருத்துவமனை வராந்தாவிலேயே முழந்தாளிட்டு அழுதார். பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்து வந்து அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். அவர் ஊருக்குத் தொலைபேசியில் மகனை அழைத்துச் சொன்னார். மகன் ஊரெல்லாம் சொன்னான். கோவில் மணியை அடித்துவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது.

பதினோரு மணிக்கும் கதவு திறக்கவில்லை. அத்தோடு மூடிவிடுவோம் என்று சொன்னவர்கள் ஏன் இன்னும் மூடவில்லை என்று நமக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அந்த அம்மாளுக்கு எழவில்லை. சாமி சொல்லிவிட்டார் அல்லவா?

பிற்பகல் ஒரு மணிக்கு மேல் அறுவை மருத்துவர் வந்தார். “புற்றுநோய்தான், ஃபாதர். மேல் மடலை எடுத்துவிட்டோம். மூச்சுக்குழல் வெட்டிய ஓரத்தையும் லேபில் பார்த்தார்கள், சுத்தமாக இருக்கிறது. நெறிக்கட்டிகளும் பார்த்த அளவில் நன்றாகவே இருக்கின்றன. ஆரம்ப நிலை என்றே நினைக்கிறேன். இறுதி அறிக்கை சில நாளில் வரும்.”

அவரைப் பொறுத்தவரை அது நல்ல செய்தி. ஆனால் மூன்றரை மணி நேரமாக நோயே இல்லை என்று நம்பியிருந்த ஒரு பெண்ணுக்கு அது எப்படி நல்ல செய்தியாகும்? அவர் மருத்துவரைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. “அப்ப நீங்க சொன்னது, சாமி?” என்று மட்டும் கேட்டார்.

முப்பது ஆண்டுக் குருத்துவ வாழ்வில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறோம். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. “நான் அவசரப்பட்டுவிட்டேன், அம்மா” என்றோம்.

இரண்டு நாள் கழித்து அறுவை மருத்துவரின் அனுமதியோடு அந்த ஆய்வுக்கூடத்தைப் பார்க்கச் சென்றோம். அறுவைக் கூடத்தின் பின்புறம் ஒரு சிறு அறை. குளிர்பெட்டி ஒன்று, நுண்ணோக்கி ஒன்று, சுவரில் ஒரு தொலைபேசி. நோய்க்குறியியல் மருத்துவர் ஒரு பெண்மணி. ஏறத்தாழ நம் வயதினர். அன்றைய கண்ணாடித் தகடுகளை எடுத்து ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார்.

முதல் தகட்டில் அவர் விரல் காட்டிய இடத்தில் வட்ட வட்டமாகச் சில திரள்கள். காசநோய்க்கு உரிய அடையாளம் அது என்றார். “இதோடு நிறுத்தியிருக்கலாம். தொலைபேசியில் அப்படித்தான் முதலில் சொன்னேன். ஆனால் கட்டியை அறுத்தபோது ஓர் ஓரம் மட்டும் வேறு நிறமாக, சுருங்கினாற்போல் இருந்தது. அது என் மனத்தை உறுத்தியது. இன்னொரு துண்டு பார்க்கிறேன், மூடவேண்டாம் என்று சொன்னேன்.” இரண்டாம் தகட்டை வைத்தார். ஒழுங்கில்லாமல் நெருங்கிக் கிடந்த கருநீலப் புள்ளிகள். பழைய காசநோய்த் தழும்பும் புதிய புற்றும் ஒரே கட்டியில் அடுத்தடுத்து இருந்தன. ஆறு மாதம் மருந்து கொடுத்தவர்களும் முழுவதும் தவறிவிடவில்லை; அவர்களும் ஒரு பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

நுரையீரலில் இந்த வேலை மற்ற உறுப்புகளைவிடக் கடினம் என்றும் அவர் விளக்கினார். நுரையீரல் காற்று நிறைந்த பஞ்சு போன்றது. உறையவைத்து வெட்டினால் சுருங்கும், கிழியும். மிகச் சிறிய கட்டிகளில் புற்று அந்த இடத்திலேயே தங்கியிருக்கிறதா, ஊடுருவத் தொடங்கிவிட்டதா என்று உறைவெட்டில் உறுதியாகச் சொல்வது அரிது. அத்தகைய வேளைகளில் துண்டின் அறுத்த முகத்தைக் கண்ணாடியில் ஒற்றியெடுத்து, ஒட்டிவரும் அணுக்களையும் பார்ப்பதுண்டு. அதற்கும் மேல் ஐயம் இருந்தால், இப்போது சொல்ல முடியாது, இறுதி அறிக்கை வரட்டும் என்று சொல்லிவிடுவதும் ஒரு பதிலே. காசநோய்த் துண்டை வெட்டுவதில் இன்னொரு தொல்லையும் உண்டு. குளிர் அந்தக் கிருமியைக் கொல்லாது. சீவும்போது காற்றில் பறக்கும். வெட்டுபவருக்கே நோய் தொற்றலாம். ஆகவே முகக்கவசம் அணிந்து வெட்டிவிட்டு, பெட்டி முழுவதையும் மருந்திட்டுத் துடைக்க வேண்டும். முதல் துண்டில் காசநோய் என்று தெரிந்த பிறகும் இரண்டாவது துண்டை வெட்டியவர் அவர். இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை; நாம் கேட்டதால் சொன்னார்.

நாம் செய்த தவற்றை அவரிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “ஃபாதர், எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. நாம் பார்த்த துண்டைப் பற்றி மட்டுமே நாம் பேசலாம். பார்க்காத துண்டைப் பற்றிப் பேசக் கூடாது” என்றார்.

அந்தச் சொல்லோடு ஊர் திரும்பினோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் ஒருவர் பத்து நிமிடம் பேசியதைக் கேட்டுவிட்டு அவர் வாழ்வு முழுவதற்கும் தீர்ப்புச் சொன்ன நாட்கள் நினைவுக்கு வந்தன. கணவனின் பக்கத்தைக் கேட்டு மனைவிக்கு அறிவுரை சொன்ன நாட்களும் வந்தன. அவையும் முதல் துண்டுகளே.

ஊரிலும் அப்படியொரு தீர்ப்பு காத்திருந்தது. “பீடி குடிச்சாரு, வாங்கிக்கிட்டாரு” என்று சிலர் பேசினார்கள். பீடியும் சிகரெட்டும் நுரையீரல் புற்றுக்கு முதற்காரணம் என்பது மெய். 1950-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆய்வாளர்கள் அதைத் தெளிவாக நிறுவினார்கள். அமெரிக்க ஆய்வை நடத்தியவருள் ஒருவர் எவர்ட்ஸ் கிரகாம் என்னும் அறுவை மருத்துவர். 1933-இல் புற்றுக்காக ஒருவரின் நுரையீரல் ஒன்றை முழுவதும் ஒரே அறுவையில் எடுத்து அவரைப் பிழைக்கவைத்தவர் அவரே. ஒரு மடலை எடுக்க எண்ணித் தொடங்கி, நெஞ்சைத் திறந்த பிறகே முழு நுரையீரலையும் எடுக்க முடிவு செய்தாராம். அவரும் புகைத்தவர். 1957-இல் அதே நுரையீரல் புற்றால் இறந்தார். அவரிடம் அறுவை செய்துகொண்ட நோயாளி அவருக்குப் பின்னும் வாழ்ந்தார். அறிந்தவரையும் விடாத பழக்கம் அது. ஆனால் ஒரு முறைகூடப் புகைக்காத பெண்களுக்கும் ஆண்களுக்கும் இந்நோய் வருவதை இன்று மருத்துவர்கள் நிறையவே காண்கிறார்கள். ஆகவே நோயாளியைப் பார்த்து, வாங்கிக்கொண்டான் என்று சொல்ல யாருக்கு உரிமை? நமக்கு அறவே இல்லை. பீடிக் கட்டு வாங்கிக் கொடுத்தவர் நாம்.

அடுத்த ஞாயிறு திருப்பலியில் மறையுரைக்குப் பதிலாக இதைச் சொன்னோம். மணியடிக்கச் செய்த பொய்ச் செய்தி நம்முடையது என்றும், கிறிஸ்துமஸ் தோறும் வேட்டியின் மேல் வைத்த பீடிக் கட்டும் நம்முடையது என்றும் சொன்னோம். கோவிலில் ஓசையே இல்லை. வெளியே வந்தபின் ஒரு முதியவர் தம் மடியிலிருந்த பீடிக் கட்டை எடுத்து நம் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் போனார். அவர் அத்தோடு விட்டாரா என்று நாம் கேட்கவில்லை. பார்க்காத துண்டு அது.

தமிழகத்தில் நெஞ்சு நோய்க்கு எதிராக நடந்த உழைப்பை அதன்பின் தேடிப் படித்தோம். 1928-இல் சவுரிமுத்து என்ற தமிழ் மருத்துவர் தாம்பரத்தில் காசநோயாளர்க்கு நிறுவிய இல்லமே இன்று அங்குள்ள அரசு நெஞ்சக மருத்துவமனை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையம், நோயாளியை மருத்துவமனையில் அடைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்று ஏழைகளிடையே மெய்ப்பித்து உலகின் வழக்கத்தையே மாற்றியது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. டாக்டர் சாந்தா 2021-இல் மறையும்வரை தம் வாழ்வையே அங்குக் கழித்தார். இப்போது இன்னும் விரைவான கருவிகள் ஆய்வில் இருக்கின்றன. 2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் பேனா வடிவக் கருவி ஒன்றை வெளியிட்டார்கள். திசுவின் மேல் ஒரு துளி நீரை வைத்து எடுத்து, அதில் கரைந்த பொருள்களைக் கொண்டு, நுரையீரல் உட்பட 253 திசு மாதிரிகளில் நூற்றுக்கு 96-க்கு மேல் சரியாகப் பிரித்துக் காட்டியதாம். அதற்கு ஆகும் நேரம் பத்து விநாடி அளவே. இருபது நிமிடம் பத்து விநாடியாகும் காலம் வரலாம். வரட்டும். ஆனால் உறுத்தலைக் கேட்டு, இன்னொரு துண்டு பார்க்கிறேன், மூடவேண்டாம் என்று சொல்லும் மனம் எந்தக் கருவிக்கும் பின்னால் இருந்தாக வேண்டும்.

இறுதி அறிக்கை நல்லபடியாகவே வந்தது. நெறிக்கட்டிகளில் நோயில்லை. உபதேசியார் ஊர் திரும்பினார். முதல் மாதம் கோவில் படி ஏறவே நின்று நின்று வந்தார். பாடலை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை ஓர் இளம்பெண்ணிடம் ஒப்படைத்தார். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். இரண்டு அடிக்கு ஒருமுறை நிறுத்தி மூச்செடுப்பார். அவளும் அதே இடத்தில் நிறுத்தக் கற்றுக்கொண்டாள். இப்போது நம் பங்கு முழுவதும் அந்த இடங்களில் நிறுத்தித்தான் பாடுகிறது என்று கேள்வி.

நாம் வேறு பங்குக்கு மாற்றலாகி வந்துவிட்டோம். 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளிக்கு அகலப் பாதையில் இரயில் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, ஒருநாள் அதில் ஏறி அவரைப் பார்க்கப் போனோம். நிலையத்துக்கே வந்து நின்றார். உப்பளத்தைப் பார்த்தபடி மெதுவாக நடந்தோம். அவர் நின்ற இடத்தில் எல்லாம் நாமும் நின்றோம். 2024-இல் ஐந்தாண்டுப் பரிசோதனை முடிந்து நோயில்லை என்று மருத்துவர்கள் சொன்னதும், அவர் மனைவியே நம்மைத் தொலைபேசியில் அழைத்தார்.

“சாமி, ஒண்ணுமில்லையாம்” என்றவர், உடனே சேர்த்துக்கொண்டார்: “முழுசாக் கேட்டுட்டுத்தான் சொல்றேன், சாமி. எல்லாக் காயிதத்தையும் பார்த்துட்டாங்க.”